தண்ணீர் வராத நாளைத் தெருவில் வந்து சொல்லுங்கள்

நகரச் சேவைகளை நடத்தும் அதிகாரிகளுக்கு,

இந்தக் கோடை தொடங்கும் நேரத்தில் எங்கள் பகுதிக்குத் தண்ணீர் விடும் அலுவலகம் ஒரு முடிவு எடுத்தது. குடிநீர் நிறுத்தம், குழாய்ப் பழுது, லாரி வரும் நேரம் மாறுவது என எதுவாக இருந்தாலும் இனி இணையத்திலும் செல்போன் செயலியிலும் மட்டும்தான் அறிவிப்பார்களாம். ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது நின்றுவிட்டது. அலுவலக வாசலில் இருந்த பலகையில் இப்போது எதுவும் ஒட்டுவதில்லை. இந்த முடிவையும் இணையத்தில்தான் போட்டார்கள். அதனால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வெகுநாள் விஷயமே தெரியவில்லை. ஆட்டோ வந்து சொல்லும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இந்த முடிவை மாற்றச் சொல்லித்தான் எழுதுகிறேன். மின்சாரம், சாலை, குப்பை பார்க்கும் அலுவலகங்களும் இதே வழியில் போவதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

தெருவின் பெயரையும் வார்டு எண்ணையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். வடசென்னை என்பது போதும். பெயரைப் போட்டால் வால்வு திறக்கும் ஊழியருக்கோ லைன்மேனுக்கோ ஒரு மெமோ போகும், அறிவிப்பு முறை இருந்தபடியே இருக்கும். அவர்கள் மேல் எங்களுக்கு வருத்தம் எதுவும் கிடையாது. சொல்லப்போனால் இப்போது தெருவுக்குத் தகவல் கிடைப்பதே அவர்களுடைய சொந்த செல்போனில்தான். ராத்திரி பதினோரு மணிக்கும் அந்த லைன்மேனைக் கூப்பிட்டு "அண்ணா, எப்போ வரும்?" என்று கேட்கிறோம். பாவம், அவரும் எடுத்துப் பதில் சொல்கிறார். அது அவர் வேலையில் சேராது.

தண்ணீர் ஏன் குறைகிறது என்று நாங்கள் கேட்கவில்லை. அதைச் சென்னைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் நிரம்பி வழிந்தால்கூட 11,257 மில்லியன் கன அடிதான். தேர்வாய் கண்டிகையைச் சேர்த்தால் இன்னும் 500. வடகிழக்குப் பருவமழை கைவிட்டால் அதுவும் இல்லை. 1983 ஒப்பந்தப்படி கிருஷ்ணா நீர் ஆண்டுக்கு 12 டிஎம்சி, அதாவது 12,000 மில்லியன் கன அடி, வர வேண்டும். ஆந்திராவின் கண்டலேறு அணையில் தண்ணீர் இருந்தால்தானே திறப்பார்கள்? மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குகிறீர்கள் என்பதும் தெரியும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர், அதையும் பார்த்த ஊர் இது. பற்றாக்குறை இருக்கும்போது முறை வைத்துத்தான் விட முடியும். குழாய் உடைந்தால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். டிரான்ஸ்பார்மரைப் பராமரிக்காமல் விட்டால் ராத்திரி பத்து மணிக்கு வெடிக்கும், அதைவிடப் பகலில் நிறுத்துவது மேல். இதெல்லாம் ஒத்துக்கொண்ட விஷயங்கள்.

எங்கள் குறை ஒன்றே ஒன்று. நிறுத்துவதை முன்னாடியே, எங்களுக்குப் புரிகிற மாதிரி, எங்களை வந்து சேரும்படி சொல்வதில்லை. இணையத்தில் மட்டும் சொன்னால் எப்படி இருக்கும் என்பதை மின்தடை விஷயத்தில் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் தெரு முனையில் ஓர் அக்கா வீட்டு முன்னறையில் இட்லி மாவு அரைத்து விற்கிறார். ராத்திரியே அரிசியை ஊறப்போட்டுவிடுவார், விடியற்காலையில் உளுந்து. ஒன்பது மணிக்குக் கிரைண்டர் ஓட ஆரம்பிக்கும். வெயில் காலத்தில் கல் சூடேறினால் மாவும் சூடாகி மதியத்துக்குள் புளித்துவிடும் என்று ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைப்பார். போன மே மாதம் ஒரு நாள் கிரைண்டரில் உளுந்தைப் போடப்போகும் நேரத்தில் கரண்ட் போனது. ஏதோ ஃபியூஸ் என்று நினைத்துக் காத்திருந்தார். பதினோரு மணிக்கு மேல்தான் தெரிந்தது, பராமரிப்புப் பணியாம், காலை 9 முதல் மதியம் 2 வரை வராதாம். அதற்குள் அன்னக்கூடையில் உளுந்தின் மேல் நுரை கட்டிவிட்டது. தண்ணீரையாவது மாற்றலாமென்றால் மொட்டைமாடி டேங்க் காலி, மோட்டார் போடக் கரண்ட் இல்லை. ஒரு பிடி உளுந்தை அள்ளிப் பார்த்தார். விரலிடுக்கில் கொழகொழவென்று நூலாக இழுத்தது, வாசனையும் மாறியிருந்தது. அரிசியை எப்படியோ காப்பாற்றினார். உளுந்து அத்தனையும் சாக்கடைக்குப் போனது. உளுந்து விற்கிற விலைக்கு அது அவருடைய இரண்டு மூன்று நாள் லாபம்.

அவர் கரண்ட்டைத் திட்டவில்லை. "நேத்தே சொல்லியிருந்தா விடியக்காலம் நாலு மணிக்கே அரைச்சு முடிச்சிருப்பேனே" என்றார், அவ்வளவுதான்.

நேற்றே சொல்லவில்லையா என்றால், சொல்லியிருந்தீர்கள். அதை நானே பிறகு தேடிப் பார்த்தேன். முந்தைய நாள் மாலை சமூக ஊடகத்தில் ஒரு படமாகப் போட்டிருந்தது. முழுக்க ஆங்கிலம். பொடிப்பொடி எழுத்து, பெரிதாக்கினால் கலங்கிவிடுகிறது. அதில் தெருப் பெயர் எதுவும் இல்லை, துணை மின்நிலையத்தின் பெயரும், அங்கிருந்து கரண்ட் கொண்டுவரும் லைன்களான ஃபீடர்களின் பெயரும்தான் இருந்தன. எந்த ஃபீடரிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வருகிறது என்பது லைன்மேனைத் தவிர யாருக்குத் தெரியும்? மாவு அரைக்கும் அக்காவுக்கு அந்தப் படம் கையில் கிடைத்திருந்தாலும் அது தன் வீட்டைப் பற்றியது என்று கண்டுபிடித்திருக்க முடியாது. எனக்கே முடிந்திருக்காது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. இந்த மாதிரிப் படங்கள் வாட்ஸ்அப்பில் கிளம்பினால் அடங்குவதில்லை. ஒரு தடவை நாளைக்குத் தண்ணீர் வராது என்று ஓர் அறிவிப்பு சுற்றியது. தெருவே குடம், பக்கெட், அண்டா எல்லாவற்றையும் நிரப்பி வைத்தது. முறை நாளில் சம்ப் நிரப்பும் வீடுகள் மோட்டாரைப் போட்டு இழுக்க, கடைசி வீடுகளுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. மறுநாள் பார்த்தால் தண்ணீர் வழக்கம்போல வருகிறது. அந்த அறிவிப்பு முந்தைய வருஷத்தது! தேதி போட்டிருந்தது, வருஷம் போடவில்லை. உங்கள் அலுவலகத்தில் ஒருவர் நான்கு எண்களைச் சேர்த்துத் தட்டியிருந்தால் அன்றைக்கு இந்தக் கலாட்டா இருந்திருக்காது.

இப்போது தண்ணீர் அறிவிப்பையும் இதே கதிக்கு விடப் பார்க்கிறீர்கள். தண்ணீர் என்றால் பாதிப்பு இன்னும் அதிகம். எங்கள் தெருவின் பின்பக்கம் குழாய் இணைப்பு இல்லாத வீடுகள் இருக்கின்றன, அவர்களுக்கு லாரிதான். முன்பெல்லாம் நேரம் மாறினால் ஆட்டோவில் சொல்வார்கள். இந்தக் கோடையில் லாரி வரும்போது வருகிறது. காலையில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, குடம் போதாதவர்கள் உடைந்த பக்கெட்டையோ செங்கல்லையோ இடத்துக்கு வைத்துவிட்டு, பெண்கள் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் அண்ணா நகர், கீழ்ப்பாக்கம் பக்கம் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். ஏழு மணிக்குப் போக வேண்டிய இடத்துக்குப் பத்து மணிக்குப் போனால் பேச்சு வாங்க வேண்டும், அடிக்கடி ஆனால் வேலையே போகும். வேலைக்குப் போய்விட்டால் லாரி வந்து போன பிறகு கேன் தண்ணீர்தான். ஒரு கேன் 40 ரூபாய், சமைக்கவும் குடிக்கவும் மட்டும் அது காணும். குளிக்க, துவைக்க, கக்கூஸுக்கு?

லாரி எட்டு மணிக்கு வந்தாலும் சரி, சாயந்திரம் ஐந்து மணிக்கு வந்தாலும் சரி, முதல்நாள் தெரிந்தால் வீட்டில் யார் இருப்பது என்று அவர்களே பேசிவைத்துக்கொள்வார்கள். லாரித் தண்ணீரின் அளவை நீங்கள் ஒரு லிட்டர்கூட கூட்ட வேண்டாம். நேரத்தைச் சொன்னால் போதும், அவர்களுடைய அரை நாள் கூலி மிஞ்சும்.

"இப்போது எல்லாரிடமும் ஸ்மார்ட்போன் இருக்கிறதே" என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். இருக்கிறது, வீட்டுக்கு ஒன்று. காலையில் வேலைக்குப் போகிறவரின் சட்டைப் பையில் அது போய்விடுகிறது. வீட்டில் இருப்பது பெரியவர்களும் பிள்ளைகளும், ஒரு பட்டன் போனும். உங்கள் அறிவிப்பு போய்ச் சேருவது அம்பத்தூரிலோ கிண்டியிலோ வேலையில் இருக்கும் ஆளுக்கு. தண்ணீர் பிடிக்க வேண்டிய ஆள் வீட்டில் இருக்கிறார்.

இதையெல்லாம் ஒரு சௌகரியக் குறைச்சல் என்று தள்ள முடியாது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. சென்னையின் வெயில் உங்களுக்குத் தெரியாததா? 2003 மே 31 அன்று 45 டிகிரி தொட்ட ஊர். கத்திரி வெயில் நாட்களில் கடல் காற்று உள்ளே வரும் வரைதான் இங்கே உச்சம். அது மதியம் வரும், சில நாள் மூன்று மணி ஆனாலும் எட்டிப் பார்க்காது. உங்கள் பராமரிப்பு நேரமான ஒன்பதிலிருந்து இரண்டு சரியாக அந்த நேரத்தில் விழுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் கைக்குழந்தையோடு இருப்பவர்கள், நெபுலைசர் வைத்துக்கொள்ளும் பெரியவர்கள், பிரிட்ஜில் இன்சுலின் வைத்திருப்பவர்கள் எல்லாம் எங்கள் ஒரே தெருவில் இருக்கிறார்கள். முதல்நாள் தெரிந்தால் பாட்டியைச் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விடலாம், இன்சுலினுக்கு ஐஸ் வாங்கி வைக்கலாம். பேரிடர் என்று அறிவித்துவிட்டு, அதன் நடுவில் ஃபேனும் தண்ணீரும் எப்போது நிற்கும் என்பதைச் சொல்லாமல் விடுவது எந்த வகையில் சேர்த்தி?

உங்களால் முடியாது என்றால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். மழைக்காலத்தில் நீங்கள் செய்வதைப் பார்த்திருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்த ஊரில் சின்னப் பிள்ளைகூட கனஅடிக் கணக்கு பேசுகிறது. செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறக்கிறார்கள் என்றால் எத்தனை கனஅடி, எத்தனை மணிக்கு, அடையாற்றுக் கரையில் எந்தெந்த ஊர்க்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று தமிழில், ஊர்ப் பெயரோடு, மணிக்கு மணி வருகிறது. கோடையில் ஏரித் தண்ணீர் எங்கள் தெருவுக்கு எந்த நாள் வரும் என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை. இன்று ஏரிகளில் எவ்வளவு இருக்கிறது, போன வருஷம் இதே நாளில் எவ்வளவு இருந்தது என்பதுகூட தினமும் வெளியாகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் புழலின் கணக்கை வைத்துக்கொண்டு நான் குடத்தை எப்போது வாசலில் வைப்பது? வரி விஷயத்திலும் குறை சொல்ல முடியாது. அரையாண்டு சொத்து வரியை ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை என்ற எஸ்எம்எஸ் தவறாமல் வந்துவிடுகிறது. எங்கள் நம்பர் உங்களிடம் இருக்கிறது.

2019-இலேயே இதற்கு வழி ஒன்றை உங்கள் ஊழியர் ஒருவர் காட்டினார். அந்த ஜூன் மாதம் ஊரே தண்ணீருக்குப் பறந்தது. எங்கள் தெருவில் சண்டை குறைவு. காரணம், சிண்டெக்ஸ் டேங்க் பக்கத்துச் சுவரில் அவர் கரியடித்து, சாக்பீஸால் லாரி வரும் கிழமையையும் நேரத்தையும் எழுதிவைப்பார். மாறினால் அழித்து மாற்றி எழுதுவார். லாரி பழுது என்றால் "இன்று இல்லை, நாளை காலை" என்று ஒரு வரி. படிக்கத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் படித்துச் சொன்னார்கள். அவர் வேறு டிவிஷனுக்கு மாற்றலாகிப் போனார், எழுதுவது நின்றுபோனது. யாரும் அதை ஒரு முறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு சாக்பீஸ் பெட்டி என்ன விலை இருக்கும்?

ஆட்டோவுக்கும் மைக்குக்கும் செலவாகிறது, ஆளும் இல்லை என்பது உங்கள் பதிலாக இருக்கலாம். ஆள் குறைவு என்பதை நம்புகிறேன், கண்ணால் பார்க்கிறோம். ஆனால் எப்படி அறிவிப்பது என்பது உங்கள் விருப்பத்துக்கு விட்ட விஷயம் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் பிரிவு 4(4)-ஐ ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். மக்களுக்குத் தர வேண்டிய தகவலைப் பரப்பும்போது செலவு, வட்டார மொழி, அந்தப் பகுதியில் எந்த முறையில் சொன்னால் நன்றாகப் போய்ச் சேரும் என்பது, இந்த மூன்றையும் பார்க்க வேண்டும் என்கிறது. பரப்புவது என்றால் என்ன என்பதற்கு விளக்கமும் அங்கேயே இருக்கிறது: அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, ஒலி ஒளிபரப்பு, இணையம். அந்தப் பட்டியலில் இணையமும் உண்டு, அது மட்டும் என்று இல்லை. செலவை மட்டும் பார்த்து மற்ற இரண்டையும் விட்டுவிட்டீர்கள்.

சாலை தோண்டுவதைப் பற்றியும் குப்பை வண்டி பற்றியும் பெரிதாக எழுதப்போவதில்லை, அதே கதைதான். பள்ளம் தோண்டிய பிறகு எதற்கு, எப்போது மூடுவார்கள் என்று ஒரு தகரப் பலகைகூட வைப்பதில்லை. பேட்டரி வண்டி வராத நாளில் மீன் கழிவு வெயிலில் கிடந்து நாறுகிறது. வராது என்று தெரிந்தால் முந்தைய நாளே மீன் வாங்காமல் இருந்திருப்போம்.

நாங்கள் கேட்பது இவைதான்.

இணையத்தில் மட்டும் அறிவிப்பது என்ற முடிவை உடனே திரும்பப் பெறுங்கள். இணையத்தில் போடுவதை நிறுத்த வேண்டாம், அது சிலருக்குப் பயன்படுகிறது. அதோடு மைக் ஆட்டோவும் வர வேண்டும், குறைந்தது மார்ச் முதல் ஜூன் வரை.

திட்டமிட்ட நிறுத்தம் எதுவானாலும் ஒரு முழு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். திடீர்ப் பழுது என்றால் தெரிந்த உடனே. நேரம் தள்ளிப்போனால் அதையும். வேலை முடிந்துவிட்டது என்பதையும் சொல்லுங்கள், அது தெரியாததால்தான் மோட்டாரைப் போட்டுப் போட்டுக் காயில் எரிகிறது.

அறிவிப்பு தமிழில், தெருப் பெயரோடு இருக்கட்டும். ஃபீடர் பெயரும் பணிமனை எண்ணும் உங்கள் கோப்புக்கு. தேதியோடு கிழமையும் வருஷமும் போடுங்கள். படமாகப் போடுவதானால் கூடவே எழுத்தாகவும் போடுங்கள், கண் தெரியாதவர்களின் போன் அதைப் படித்துச் சொல்லும்.

லாரி நிற்கும் ஒவ்வொரு இடத்திலும், ரேஷன் கடை வாசலிலும் ஒரு கரும்பலகை. அதை யார் எழுதுவது என்று அதிலேயே பதவியைக் குறிப்பிடுங்கள். ஊழியர் மாறினாலும் பலகை மாறக் கூடாது. எழுத ஆள் இல்லை என்றால் தெருவில் நாங்கள் எழுதுகிறோம், காலையில் தகவலை மட்டும் கொடுங்கள்.

பில்லுக்கும் வரிக்கும் எஸ்எம்எஸ் அனுப்பும் எண்களுக்கே நிறுத்த அறிவிப்பையும் தமிழில் அனுப்புங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களின் எண்ணைச் சேர்க்க வழி செய்யுங்கள். இப்போது அது வெளியூரில் இருக்கும் வீட்டு ஓனருக்குத்தான் போகிறது.

ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடியும் வரை, அவசரம் இல்லாத மின் பராமரிப்பைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கி உச்சிவெயிலுக்கு முன் முடிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம். லைன்மேன்களும் அந்த வெயிலில்தான் கம்பத்தில் ஏறுகிறார்கள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, எந்தத் தேதிக்குள் என்பதை எங்கள் வார்டு மக்கள் கூடிப் பேசும் அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் எழுத்தில் கொடுங்கள். 2022 விதிகளின்படி அமைத்த சபைதானே, இதற்கில்லாமல் வேறு எதற்கு? கூட்டத் தேதியையும் தயவுசெய்து செயலியில் மட்டும் போடாதீர்கள்.

பதில் வரவில்லையென்றால், கடந்த இரண்டு கோடைகளில் எங்கள் பகுதியில் எத்தனை நிறுத்தங்கள், அவற்றை எந்த நாளில் எந்த வழியில் எந்த மொழியில் அறிவித்தீர்கள் என்று கேட்டு, 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டித் தெருவிலிருந்து வீட்டுக்கு ஒரு மனுவாக அனுப்புவோம். அதற்கு அந்தத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 30 நாளில் நீங்கள் பதில் தர வேண்டியிருக்கும். அந்த மனுக்களுக்கு உட்கார்ந்து பதில் எழுதும் நேரத்தில் கரும்பலகைகளை எழுதி முடித்துவிடலாம் என்பதால் இந்த மடலை முதலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வடசென்னையில் ஒரு தெருவிலிருந்து,
அந்தத் தெருக்காரர்களின் சம்மதத்தோடு